விற்காத விலை

“ஆளோட பேரு?”

“கப்பித்தான் லாடா.”

கவிநேசனின் விரல்கள் கீபோர்டில் நின்றன. “ஐ.சி. கார்டுலயும் அப்படித்தான் போட்டிருக்கா?”

“எனக்குத் தெரிஞ்ச பேர் அதுதான்.”

“மலாய்ல மிளகுக் கேப்டன். சரி லா, எழுதிக்கிறேன். அட்ரஸ்?”

“துறைமுகச் சந்தை, மூன்றாவது வரிசை. என்ர கடைக்குப் பக்கத்துக் கடை.”

“எந்தத் துறைமுகம்க்கா? கிள்ளானா?”

“ஊர் இல்லை, தம்பி. கம்ப்யூட்டர் கேம்.”

மலாக்காவில் புக்கிட் காத்தில் என்ற பகுதி, கடைவரிசையில் டயர் கடைக்கு மேல்மாடி. அங்கேதான் அந்தத் துப்பறியும் அலுவலகம். யாராவது சிரிப்பார்கள் என்று கிருஷ்ணகுமாரி காத்திருந்தாள். சிரித்தாலும் பரவாயில்லை. தம்பி நிர்மலன் இறந்ததிலிருந்து மற்றவர்கள் சிரிப்பதும் அழுவதும் அவளுக்குப் பக்கத்து வீட்டு டிவி மாதிரிதான் கேட்டது. சத்தம் வரும், கதை புரியாது.

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் கறிபாப் பலகாரம் தின்றுகொண்டிருந்த பவானேஸ்வரி விரலைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவள். வேலையை விட்டும் மோப்பத்தை விட முடியாமல் இந்த அலுவலகத்தைத் திறந்தவள். கவிநேசன் அவளுக்கு டிரைவர், டைப்பிஸ்ட், வாய். மூன்றாவது வேலையை அவனிடம் யாரும் கொடுக்கவில்லை.

“உங்ககிட்டேருந்து அந்த ஆள் என்னத்த எடுத்தாரு?” என்றாள் பவானேஸ்வரி.

“எடுக்கேல்ல. நானாகத்தான் குடுத்தனான். ஒரு விளக்கு.”

கிருஷ்ணகுமாரி ஆஸ்பத்திரியில் மருந்தாளர். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று கவுண்டரில் சொல்கிற அதே குரலில் கதையைச் சொன்னாள்.

‘ஏழு துறைமுகம்’ என்ற அந்த விளையாட்டுக்குள் அவளை இழுத்துவந்தவன் நிர்மலன்தான். கப்பல், கடல், சரக்கு. ஆட வருகிறவர்கள் எதையாவது விளைவித்தோ செய்தோ துறைமுகச் சந்தையில் பாயை விரித்து விற்கலாம். அவள் மூலிகை விற்றாள். பக்கத்துப் பாயில் கப்பித்தான் லாடா மிளகும் கயிறும் விற்றார். நாலு வருஷ அக்கம்பக்கம். நிர்மலனுக்கு விற்பதில் ஆசையில்லை, பொருள் செய்வதில்தான் ஆசை. அங்கே யார் எதைச் செய்தாலும் அதன் அடியில் சின்ன எழுத்தில் செய்தவர் பெயர் நிற்கும். அவன் கடைசியாகச் செய்தது ஒரு புயல்விளக்கு. அதை அக்காவின் பையில் போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவன், வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவ்வளவுதான்.

“பையைத் திறக்கிற நேரமெல்லாம் அவன்ர பேர் நிக்கும். ஒருநாள் கப்பித்தானிட்ட குடுத்து, தம்பி செத்திட்டான், இதை வித்துவிடுங்கோ எண்டன். ‘சரி தங்கச்சி, பாக்கிறேன்’ எண்டு டைப் பண்ணினவர்.”

“வித்துட்டாரா?”

“அதுக்குள்ள கேம் கம்பெனிக்காரர் சந்தையை மூடிட்டாங்கள். பக்கத்துக் கடைக்காரரோட கதைக்கிற வழியும் அதோட போச்சு. இனிக் கைக்குக் கை ஒண்டும் குடுக்க ஏலாது. எல்லாத்துக்கும் ஒரே விலைப்பலகை. விக்கிறவர் பேர் வாங்கிறவருக்குத் தெரியாது, வாங்கிறவர் பேர் விக்கிறவருக்குத் தெரியாது.” போனை நீட்டினாள். “விளக்கு இப்ப பலகையில நிக்குது. விலையைப் பாருங்கோ.”

திரையில் ஒரு சின்ன விளக்குப் படம். அடியில், செய்தவர்: நிர்மலன். அதற்கும் அடியில், 10,000,001 பொன்.

கவிநேசன் எட்டிப் பார்த்து விசிலடித்தான். “பத்து மில்லியன்! இந்த விலைக்கு விளக்கோட பூதமும் வரணுமே!”

பவானேஸ்வரி அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் செத்தது. “உங்களுக்கு அந்த ஆள்மேல கோபமா?” என்று கேட்டாள்.

கிருஷ்ணகுமாரி யோசித்தாள். கோபம் இருக்கிறதா என்று அவளே தனக்குள் தேடிப் பார்த்திருந்தாள். தேடிய இடமெல்லாம் காலியாக இருந்தது. “இல்லை. செத்தவன்ர பேருக்கு இப்படி விலை போட்டவர் ஆர், ஏன் போட்டவர் எண்டு ஒருக்காக் கேட்கணும். அவ்வளவுதான்.”

“கடைசியில ஒரு ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குதே. அது எதுக்கு?”

“மொய் பாஸ்,” என்றான் கவிநேசன். “கல்யாண வீட்டுல நூத்தி ஒண்ணு எழுதுறதில்லையா?”

பவானேஸ்வரி அந்த ஒன்றை மட்டும் பல்லில் சிக்கிய கறிபாப் துணுக்கு மாதிரி நாக்கால் துழாவிக்கொண்டிருப்பவள்போல் இருந்தாள். பிறகு, “நாலு வருஷமா பேர் கேட்கலியா?” என்றாள்.

“அவர் கேட்கேல்ல. நானும் கேட்கேல்ல. சரக்கைப் பற்றித்தான் கதைப்பம்.”

“எப்ப கடையைப் பூட்டுவாரு?”

“வெள்ளிக்கிழமை மத்தியானம். நோன்பு மாசத்தில பொழுது படேக்க சரியா எழும்பிப் போவார்.”

“தமிழ் முஸ்லிம். தங்கச்சின்னு வேற டைப் பண்றாரு,” என்றான் கவிநேசன். “அப்பாடா, நாடு பூரா இனி சில ஆயிரம் பேரைத்தான் தேடணும்.”

“சனி, ஞாயிறு?”

“பின்னேரத்தில வரவே மாட்டார். ஐஸ் ஓடுற நேரம் எண்டுவார். ஒருக்கா நடுவில எழும்பிப் போய்த் திரும்பி வந்து, கடல் தண்ணி ரோட்டுக்கு ஏறிட்டுது, அரிசி மூட்டையைத் தூக்கி மேல வச்சிட்டு வந்தேன் எண்டவர். பிறகு, கவர்னர் பிறந்தநாள் லீவுக்குச் சரியான கூட்டம், கை ஓயேல்ல எண்டவர். அண்டைக்கு எனக்கும் லீவு.”

கவிநேசன் நாற்காலியில் நிமிர்ந்தான். “கவர்னர் பிறந்தநாளுக்கு மத்த மாநிலத்துக்காரனுக்கு அன்னைக்கு லீவு கிடையாதே. அப்ப நம்ம மலாக்காக்காரர்.”

“அரிசி மூட்டை இருந்தா மளிகைக் கடை,” என்றாள் பவானேஸ்வரி. “மளிகைக் கடையில சனி ஞாயிறு சாயங்காலம் ஐஸ் எங்க ஓடும்?”

“ஈக்கான் பாக்கார் கடைங்க இருக்கிற இடத்துல. வெளியூர்க் காரெல்லாம் சுட்ட மீன் திங்க வந்து நிக்கும்ல.”

“கடல் ரோட்டுக்கு ஏறுற இடமாவும் இருக்கணும்.”

“செர்காம்!” என்றான் கவிநேசன். “பாஸ், அங்க நம்ம ஆளு மளிகைக் கடை எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான்.”

பவானேஸ்வரி எழுந்து கைப்பையை எடுத்தாள். “கடைசியா ஒண்ணு. வியாபாரத்துல அவருக்குன்னு ஏதாவது பழக்கம்?”

“பத்து வாங்கினா பதினொண்டு வைப்பார். கொசுறு எண்டு.”

“போதும். வாங்க.”

மைவி கார் நகரத்தை விட்டுத் தெற்கே ஓடியது. செம்பனைத் தோட்டம், பள்ளிவாசல், பேருந்து நிறுத்தம், மறுபடி செம்பனை. பின்சீட்டில் கிருஷ்ணகுமாரி எல்லாவற்றையும் பார்த்தாள். எதுவும் கண்ணைத் தாண்டி உள்ளே போகவில்லை.

“என்னைக் கேட்டா அந்தப் பலகைதான் நியாயம்,” என்றான் கவிநேசன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு. “நானும் வேற ஒரு கேம்ல கைக்குக் கை மாத்தினவன்தான். ரெண்டு பேரும் சாமானைப் பெட்டியில வைக்கணும், ஓகே அமுக்கணும். அவன் ஒரு வாள் வச்சான். கடைசி செகண்டுல வாளை எடுத்துட்டு வாழைப்பழத்தை வச்சான். நான் ஓகே அமுக்கிட்டேன். மாசக்கணக்கா சேர்த்ததெல்லாம் போய் ஒரே ஒரு வாழைப்பழம், பாஸ்.”

“பழமாவது இனிப்பா இருந்துச்சா?”

“அதைச் சாப்பிடக்கூட லெவல் பத்தலைன்னுடுச்சு.”

பவானேஸ்வரி முன்சீட்டிலிருந்து கையை நீட்டிக் கிருஷ்ணகுமாரியின் போனை வாங்கினாள். கொஞ்ச தூரம் அதையே தடவிக்கொண்டு வந்தாள். உம்பாய் ஊரைத் தாண்டிய சிக்னலில் கார் நின்றபோது கேட்டாள்.

“ஒருத்தர் பையில எவ்வளவு பொன் கொள்ளும்?”

“பத்து மில்லியன். அதுக்கு மேல ஒரு பொன்னும் ஏறாது.”

சொல்லி முடித்த பிறகுதான் கிருஷ்ணகுமாரிக்குத் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று காதில் விழுந்தது.

கவிநேசன் திரும்பிப் பார்த்தான். “அப்ப பத்து மில்லியன் ஒண்ணுன்னா...”

“யாராலயும் வாங்க முடியாது,” என்றாள் பவானேஸ்வரி. “எவ்வளவு பெரிய பணக்காரனா இருந்தாலும் ஒரு பொன் குறையும். இது விக்கறதுக்குப் போட்ட விலை இல்ல. விக்காம இருக்கப் போட்ட விலை. ஒருதடவை பலகையில போட்டா எத்தனை நாள் நிக்கும்?”

“ரெண்டு நாள். பிறகு திரும்பவும் கட்டணப் பொன் கட்டிப் போடணும். வித்தாலும் விக்காட்டியும் அந்தப் பொன் போனதுதான்.”

“நடுவுல எப்பவாவது விளக்கு காணாமப் போச்சா?”

“இல்லை. நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறனான். நிண்டுகொண்டேதான் இருக்கு.”

“யாரும் வாங்க முடியாத சாமானுக்கு ரெண்டு நாளைக்கு ஒருதடவை கைப்பொன் கட்டறாரு.” பவானேஸ்வரி போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நான் பார்த்த திருடன் எவனும் வாடகை கட்டினதில்லம்மா.”

பச்சை விளக்கு விழுந்தது. இப்போது தனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று கிருஷ்ணகுமாரிக்குத் தெரிந்தது. நிம்மதியோ வெட்கமோ ஏதோ ஒன்று. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் மனசைத் தொட்டுப் பார்த்தாள். தொடுவது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

செர்காமில் மீன்கடைகள் இன்னும் திறக்கவில்லை. கடலைப் பார்த்த ரோட்டில் ஒரு மளிகைக் கடை. வாசலில் பெரிய நீல ஐஸ் பெட்டி. உள்ளே வெள்ளைத் தொப்பியும் கைலியுமாக ஒருவர் வெங்காயத்தைக் கூடை மாற்றிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், தூசி படாமல் துண்டு போர்த்தி இருந்தது.

“வாங்க தம்பி. என்ன வேணும்?”

“பத்து எலுமிச்சை அண்ணே. எண்ணிப் போடுங்க,” என்றான் கவிநேசன்.

அவர் எண்ணிப் போட்டார். பையின் வாயை முறுக்கப் போனவர் நிறுத்தி, கூடையிலிருந்து இன்னொரு காயை எடுத்து, அழுத்திப் பார்த்து, உள்ளே போட்டார்.

கவிநேசன் பவானேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தான். பவானேஸ்வரிதான் பேசினாள். “பதினொண்ணு விழுந்துடுச்சே அண்ணே?”

“தெரியும்மா. கொசுறு.”

பவானேஸ்வரி திரும்பிக் கிருஷ்ணகுமாரியைப் பார்த்தாள். பிறகு ஓரடி விலகி அவளுக்கு வழிவிட்டாள்.

“கப்பித்தான்,” என்றாள் கிருஷ்ணகுமாரி.

அவருடைய கை பையோடு அப்படியே நின்றது. அவளை மேலும் கீழும் பார்த்தார். “மூலிகைத் தங்கச்சியா?”

“ஓம்.”

“யா அல்லாஹ்!” எலுமிச்சைப் பை கல்லாமேல் உட்கார்ந்தது. அவர் ஒரு முக்காலியை இழுத்து, துண்டால் தட்டி, அவள் முன் வைத்தார். “உட்காருங்கம்மா. நான் குத்புதீன். எத்தனை நாளா... உட்காருங்க முதல்ல.”

அவள் உட்காரவில்லை. “ஏன் அந்த விலை போட்டனீங்கள்?”

தட்டையான குரல். குத்புதீன் வெங்காயக் கூடையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுச் சொன்னார்.

“விக்கச் சொன்னீங்க. நான் பாக்கிறேன்னுதானே சொன்னேன், விக்கிறேன்னு சொல்லலியே. தம்பி மவுத்தாயிட்ட விஷயம் நீங்கதான் சொன்னீங்க. அவரு பேரு போட்ட விளக்கை யாராவது விப்பாங்களா? கொஞ்ச நாள் வச்சிருந்து, விலை போகலம்மான்னு திருப்பிக் கொடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சந்தைய மூடிட்டானுங்க. நாலு பேரு கைய மாத்தி ஏமாத்தினான்னு எல்லாரு கையையும் கட்டிப்போட்டானுங்க.”

“அந்த வாழைப்பழக்காரன்,” என்று முணுமுணுத்தான் கவிநேசன்.

“நீங்கள் மலிவாப் போட்டிருந்தா நான் வாங்கியிருப்பன்,” என்றாள் கிருஷ்ணகுமாரி.

“அதுலதாம்மா இருக்கு சூது.” குத்புதீன் துண்டை விலக்கிக் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் தாடி வைத்த ஒரு கப்பல் தலைவன் எழுந்து நின்றான். “மலிவாப் போட்டா ரோபோ வச்சு வாங்குறவன் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள அள்ளிடுவான். சரி, உங்க கையிலயே கிடைக்குதுன்னு வைங்க. அப்பவும் பேரு இருக்காது. பலகைக்கு எல்லா விளக்கும் ஒரே விளக்கு. கை மாறின உடனே செய்தவர் பேரை அழிச்சிடுது. முதல்ல எனக்கும் தெரியாது. ஒரு கயிற்றை வித்துப் பார்த்தேன். வாங்கினவன் பொதுப் பேச்சுல வந்து கத்தினான், எங்கடா பேருன்னு.”

வாசலில் ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமி அடங்கியது.

“விக்காம நிக்கற வரைக்கும் பேரு நிக்கும்,” என்றார் குத்புதீன். “பைக்குள்ள வச்சிருந்தா நீங்க எப்படிப் பாப்பீங்க? பலகையில இருந்தா என்னைக்காவது உங்க கண்ணுல படும். விளக்கு இருக்கு, பேரும் இருக்குன்னு தெரிஞ்சுக்குவீங்க. வேற வழி தெரியல எனக்கு. பழைய துறைமுகத்துலயும் போய் நின்னு பார்த்தேன். நீங்க வரவே இல்ல.”

“நான் உள்ளுக்கு வாறேல்ல. போனில பலகையை மட்டும்தான் பார்ப்பன்.”

“ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கீங்க,” என்றான் கவிநேசன். முதல்முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

“கம்பெனிக்கு எழுதிக் கேட்டீங்களா?” என்றாள் பவானேஸ்வரி.

“கேட்டேம்மா. ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ன்னு வந்துச்சு. பலகை வேணாம்னு நான் சொல்லல. வேலைக்குப் போறவன், கடை கடையா ஏறி இறங்க நேரமில்லாதவன், அவனுக்கு அது வேணும்தான். அதுபாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல ஒரு சந்தையும் இருக்கட்டும். விக்கறதுக்கு வரி போடு, காவல் போடு, யாரு வேணாங்கறா? ஒருத்தருக்கு ஒருத்தர் கொடுக்கறது வியாபாரம் இல்லியே. அந்த மெஷினுக்கு விக்கத்தான் தெரியுது. கொடுக்கத் தெரியல.”

அவர் மவுசைப் பிடித்து எதையோ திறந்து காட்டினார். கப்பித்தானின் பை. மிளகு இல்லை, கயிறு இல்லை. ஓரத்தில் கொஞ்சம் பொன்.

“எல்லாத்தையும் வித்து வித்துத்தான் கட்டணம் கட்டினேன். நாளைக்குத் தவணை. கட்டப் பத்தாது. நீங்க வந்தது நல்லதாப் போச்சு.”

“ஆனா பேரோட அந்த விளக்கு உங்க பையை விட்டு வெளிய வர வழியில்ல,” என்றாள் பவானேஸ்வரி மெதுவாக. வழக்குக்கு விடை கிடைத்த இடத்தில் வழி மூடிக்கொள்வதைப் பார்த்தவளின் குரல் அது.

“விளக்குத்தானே வராது?” என்றார் குத்புதீன். நாற்காலியிலிருந்து எழுந்தார். கீபோர்டைக் கிருஷ்ணகுமாரியின் பக்கமாகத் தள்ளினார். “இந்த ஆளையே எடுத்துக்குங்க.”

“என்ன?”

“கப்பித்தானை. அக்கவுண்டோட. உங்க ஈமெயிலைப் போடுங்க, பாஸ்வேர்டை மாத்துங்க. விளக்கு அவன் பையிலதான் இருக்கு. அவனே உங்க ஆளாயிட்டா அது எங்கயும் கை மாறல, பேரும் அழியாது.”

கவிநேசன் தலையைச் சொறிந்தான். “அண்ணே, அக்கவுண்ட் விக்கக் கூடாதுன்னு கம்பெனி ரூல் இருக்கும்.”

“யாரு தம்பி விக்கிறா?”

கவிநேசன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

“அப்ப நீங்கள்?” என்று கேட்டாள் கிருஷ்ணகுமாரி. “நாலு வருஷமா...”

“எனக்கு ஐஸ் வியாபாரம் இருக்கு. மறுபடி ஆசை வந்தா புது ஆளா வெறுங்கையோட வந்து நிக்கிறேன். உங்க கப்பல்ல கூலிக்குச் சேர்த்துக்க மாட்டீங்களா?”

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். தன் ஈமெயிலைத் தட்டினாள். புதுப் பாஸ்வேர்ட் கேட்டது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு வைத்திருப்பதையே வைத்தாள். வேறு எதையும் யோசிக்க வரவில்லை. பிறகு பலகையைத் திறந்து, விளக்கை விலக்கிக்கொள் என்ற பொத்தானை அழுத்தினாள். விளக்கு பைக்குள் விழுந்தது. அம்பை அதன்மேல் கொண்டுபோனாள்.

செய்தவர்: நிர்மலன்.

அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. திரையில் கப்பித்தான் லாடா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பின்னால் பவானேஸ்வரியும் கவிநேசனும் சத்தம் போடாமல் கடையை விட்டு இறங்கிப் போவது கேட்டது. கார்க் கதவு மூடியது. எஞ்சின் ஓடத் தொடங்கியது.

குத்புதீன் வெங்காயக் கூடைக்குத் திரும்பியிருந்தார். அழுகலைப் பொறுக்கி எடுத்தபடி, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“தம்பி என்ன வேலை பார்த்தாரு?”

எப்படிப் போனான், முன்பே நோய் இருந்ததா, எந்த ஆஸ்பத்திரி என்று இத்தனை மாதங்களாக எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

“சர்வேயர்,” என்றாள். “ரோட்டோரத்தில முக்காலியில கருவியை வச்சு நிண்டு பார்க்கிற வேலை. ஒரே பக்கமா வெயில் பட்டுப் பட்டு ஒரு கை மட்டும் கறுத்துப்போய் இருக்கும். மற்றக் கை வேற ஆளின்ர கை மாதிரி.”

“எந்தக் கை கறுத்தது?”

“வலது.” சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவன் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, குழம்பை எட்டி எடுப்பதை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. “இல்லை. பொறுங்கோ.”

அவர் பொறுத்தார். கையில் ஒரு வெங்காயத்தோடு, அவள் பக்கம் திரும்பி, அப்படியே நின்றார்.

வெளியே, “எஞ்சினை நிறுத்து,” என்று பவானேஸ்வரி சொல்வது கேட்டது. கார் அடங்கியது.

“இடது,” என்றாள் கிருஷ்ணகுமாரி. “இடது கைதான்.”